எட்டாம் வகுப்பு முழுவதற்கும் ஒரே பிபி



இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போல் பாதியிலேயே 'அருமை டீச்சர்' என்று கைகூப்பிவிட்டு ஓடாமல், முழுதாகப் படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை. முக்கியமாக, வீட்டில் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை பிள்ளை உள்ளவர்கள் படிக்க வேண்டும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். அவன் பெண் அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் மருத்துவ முகாம் நடத்தி, உடல்நல அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உயரம், எடை, கண், பல் எல்லாம் வரிசையாக இருந்தன. இரத்த அழுத்தம் என்ற கட்டத்தில் 120/80. பக்கத்தில் 'நார்மல்' என்று ஒரு முத்திரை. குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் குழந்தையைப் போனில் கூப்பிட்டு, "கையில பட்டை சுத்திப் பாத்தாங்களாடி?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "சுத்தினாங்க பாட்டி. ஆனா காத்து அடிக்கிறதுக்குள்ள அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுட்டாங்க."

அவளுடைய தோழிகளின் அட்டையையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பதினொரு பேர் அட்டை கிடைத்தது. பதினொன்றிலும் 120/80.

இதைக் குழுவில் எழுதினேன். தம்பி மகன் உடனே, "அத்தை, பதிமூணு வயசுப் பொண்ணுக்கு என்ன பிபி வந்துடப் போகுது? ஒரு ஃபார்மாலிட்டிக்கு எழுதறாங்க. நீங்க ரிடையர் ஆகியும் திருத்தறதை விடல" என்றான். அதற்கு ஏழெட்டுச் சிரிப்புப் பொம்மைகள். சரி, திருத்துகிறேன். முப்பத்தைந்து வருடம் அதைத்தானே செய்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணக்கும் நடத்தியவள். அந்தக் கணக்கு புத்தியில்தான் முதலில் சொல்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது பதினொரு பிள்ளைகள் ஒரே கணக்குக்கு ஒரே தப்பான விடையை எழுதியிருந்தால், அவர்கள் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். இரத்த அழுத்தம் ஒரே ஆளுக்கே பத்து நிமிடத்தில் மாறும். பேசினால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். பதினொரு பெண்களுக்கு ஒரே நாளில் இரண்டு எண்களும் ஒன்றாக அமைவது என்பது, பதினொரு பேர் கையெழுத்து ஒரே மாதிரி இருப்பதைப் போல.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. 120/80 என்பதை நாமெல்லாம் நார்மல் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அது பெரியவர்களுக்குச் சொல்லிப் பழகிய எண். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பதிமூன்று வயதிலிருந்து மேல் எண் 120க்குக் கீழும், கீழ் எண் 80க்குக் கீழும் இருந்தால்தான் இயல்பு. கீழ் எண் 80ஐத் தொட்டுவிட்டாலே உயர் இரத்த அழுத்தத்தின் முதல் நிலைக்கான எல்லைக்குள் வந்துவிடுகிறது. மேல் எண்ணுக்கு அந்த எல்லை 130. பதிமூன்றுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றையும் வைத்து அட்டவணை பார்க்க வேண்டும். எளிதாகச் சலித்துப் பார்க்க ஒரு சின்னப் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். அதன்படி பத்து வயதுக் குழந்தைக்கு 108/72 வந்தாலே 'சரி, இன்னொரு முறை ஒழுங்காகப் பார்ப்போம்' என்று எடுத்து வைக்க வேண்டும்.

ஆக, அந்த அட்டையில் எழுதியது உண்மையாக இருந்தால், அந்தப் பதினொரு பேரையும் மறுபடி கூப்பிட்டு அளந்திருக்க வேண்டும். பொய்யாக எழுதுவதற்குக்கூட ஒரு எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. அதன்மேல் 'நார்மல்' என்று முத்திரை வேறு.

முகாமுக்கு வந்த பெண்களை நான் குறை சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முந்நூறு பிள்ளைகளை முடிக்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? என் கோபமெல்லாம் கட்டத்தை நிரப்பினால் போதும் என்று நினைக்கிற நிர்வாகத்தின் மேல். அப்புறம், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற வகுப்பாசிரியர்கள் மேல். நானும் அந்த வகுப்பாசிரியர்களில் ஒருத்தி. அதனால்தான் இந்தப் பதிவு.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

1994ல் மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பள்ளியில், எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அவனுடன் படித்தவர்கள் இதைப் படித்தால் யாரென்று புரிந்துகொள்வார்கள், அவர்களும் பெயரை இங்கே எழுத வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் தலைவலி என்று டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். நான் முதலில் அக்கறையாகத்தான் கேட்டேன். அப்புறம், 'டிவி பாத்துட்டு ராத்திரி தூங்காம வர்றான்' என்று முடிவு கட்டினேன். ஒருநாள் வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி அவனைக் கேலியும் செய்தேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, கண் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். கண்ணில் ஒன்றும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டோம்.

அந்த வருடம் முகாம் வந்தது. டாக்டர் ஒருவர், உதவிக்கு ஒரு பையன், பாதரச மெஷின் ஒன்று. முதல் நான்கைந்து பிள்ளைகளுக்கு நிஜமாகவே பார்த்தார்கள். அப்புறம் நேரமாகிவிட்டது. "டீச்சர், மத்தவங்களுக்கெல்லாம் 120/80 போட்டுக்குங்க, பசங்கதானே" என்றார். போட்டுக்கொண்டேன். நாற்பத்து மூன்று அட்டை. பாதிக்கு மேல் கை வலித்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2009ல் அவனுக்கு இருபத்தெட்டு வயது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். பிபி 220க்கு மேல். இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்தன. சின்னக் குழந்தையாக இருந்தபோது அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்று கிட்னியில் வடுவாக நின்று, அதனால் பல வருடமாகவே பிபி ஏறியிருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இரண்டு வருடம் டயாலிசிஸ். 2011ல் போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போனேன். அவன் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் அவனுடைய எல்லாக் காகிதங்களையும் வைத்திருந்தார். கிட்னி டாக்டர், 'சின்ன வயசுல எப்பவாவது பிபி பாத்திருக்கா' என்று கேட்டாராம். 'ஸ்கூல்ல பாத்திருக்காங்க, நல்லா இருந்துச்சு' என்று அந்த அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். என்னிடமும் காட்டினார். 120/80. என் கையெழுத்து. நான் எட்டு போடும்போது மேலே ஒரு சின்ன வால் விடுவேன், உங்களுக்குத் தெரியும்.

அப்போது அளந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால், 'இதைப் பாக்கலியே' என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். தலைவலிக்குக் கண்ணைக் காட்டிய அம்மா, பிபியையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நான் எழுதிய எண் அந்தக் கேள்வியை அடைத்துவிட்டது. அளக்காமல் விடுவதைவிட, அளந்ததாக எழுதுவது மோசம். நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

தம்பி மகனே, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பதிமூன்று வயதில் என்ன பிபி?

மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நாடு முழுக்கக் குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. அதில் பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் 5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று வந்தது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். கணக்கெடுப்பில் ஒரு தடவை போய் அளப்பதால், அந்த ஐந்தில் சிலருக்கு மறுபடி அளந்தால் இயல்பாகவே இருக்கும். அதைக் கழித்துவிட்டே வைத்துக்கொள். வகுப்புக்கு ஒருவர் என்றாலும், அந்த ஒருவர் யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? முகத்தில் எழுதியிருக்காது.

குழந்தைகளில் இது இரண்டு விதம். ஒன்று, வேறு நோயின் அடையாளமாக வருவது. கிட்னியில் வடு, கிட்னிக்குப் போகும் இரத்தக் குழாய் குறுகல், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி பிறவியிலேயே ஓரிடத்தில் நெரிந்திருப்பது. கடைசியாகச் சொன்னதில் கையில் அழுத்தம் ஏறியிருக்கும், காலில் குறைந்திருக்கும். தொடையிடுக்கில் நாடி சரியாகக் கிடைக்காது. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கண்டுபிடித்தால்தான். இரண்டாவது விதம், இப்போது வளர்பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது: எடை, உப்பு, அசையாமல் உட்காருவது, அப்பா அம்மாவிடமிருந்து வந்த உடல்வாகு.

இந்த இரண்டாவது விதத்தைத்தான் 'வளர்ந்தா சரியாயிடும்' என்கிறார்கள். சரியாகுமா? அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜெரால்ட் பெரன்சன் என்ற டாக்டர் 1970களின் தொடக்கத்தில் ஊர்ப் பிள்ளைகளின் பிபி, எடை, கொழுப்பு எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். விபத்து போன்ற காரணங்களால் இளம் வயதிலேயே இறந்துபோன 204 பேரின் இரத்தக் குழாய்களைப் பரிசோதித்து 1998ல் முடிவை வெளியிட்டார்கள். உயிரோடு இருந்தபோது பிபியும் கொழுப்பும் எடையும் கூடுதலாக இருந்தவர்களின் குழாய்களில் கொழுப்புப் படிவும் கூடுதலாக இருந்தது. 2022ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து, மூன்று முதல் பத்தொன்பது வயதில் அளக்கப்பட்ட 38,589 பேரைச் சராசரியாக 35 வருடம் கழித்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் அளவுகள் ஏறியிருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம். ஸ்வீடனில் முன்பெல்லாம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது பதினெட்டு வயதில் அநேகமாக எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் பிபி பார்த்தார்கள். அப்படி 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கு 2023ல் வந்தது. அதுவும் இதையேதான் சொன்னது, படிப்படியாக ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று.

நம் ஊர் விஷயமும் உண்டு. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, சென்னையில் உள்ள நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது. இருபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மூன்றில் ஒருவருக்கு மேல். இவர்கள் எல்லோரும் நாற்பதாவது பிறந்தநாள் அன்று காலையில் திடீரென்று நோயாளி ஆனவர்களா?

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அமெரிக்காவிலேயே தடுப்பு மருத்துவத்துக்கான நிபுணர் குழு ஒன்று 2020ல், அறிகுறி இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் பிபி பார்ப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது. இதை என் மாணவர் ஒருவர், இப்போது டாக்டர், எனக்கு அனுப்பி 'டீச்சர், இதையும் படிங்க' என்றார். படித்தேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, ஆதாரம் போதாது என்கிறார்கள். பத்து வயதில் பார்த்து ஐம்பது வயதில் என்ன ஆயிற்று என்று சோதனை நடத்த நாற்பது வருடம் வேண்டும், யார் நடத்துவார்கள்? ஆனால் அவர்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. தப்பாக அளந்து, இல்லாத நோயை இருக்கிறது என்று ஒரு பிள்ளையின் தலையில் கட்டினால் அதுவும் கெடுதல்தான்.

அதற்கும் நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. என் அக்கா பேரன், தி. நகரில் இருக்கிறான். பதினாலு வயது, நல்ல வாட்டசாட்டம். போன வருடம் பனகல் பார்க் பக்கம் ஒரு இடத்தில் காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது பிபி பார்த்து 146/88 என்றார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை, உடம்பில் காய்ச்சல், கை தொங்கிக்கொண்டு இருந்தது. அக்கா மகள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்: "சித்தி, என் பிள்ளைக்கு பிபி வந்துடுச்சு." பூப்பந்து விளையாடுவதை நிறுத்தினார்கள். வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லை. பையன் கூகிளில் என்னென்னவோ படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். தையல் டேப்பை எடுத்து அவன் மேற்கையை அளந்தேன். 34 சென்டிமீட்டர். வீட்டில் வாங்கி வைத்திருந்த மெஷினின் பட்டையைத் திருப்பிப் பார்த்தால், 22 முதல் 32 என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை. பெரிய பட்டை உள்ள ஒரு குழந்தை டாக்டரிடம் மூன்று தனித்தனி நாள் போனார்கள். உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்த்தார். 118/74, 116/72, 118/72. எடையைக் குறைக்கச் சொல்லி, வருடா வருடம் பார்க்கச் சொல்லி, 'விளையாட்டை ஏம்மா நிறுத்தினீங்க, அதுதானே மருந்து' என்று திட்டியும் அனுப்பினார்.

இந்தப் பட்டை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ஜூன் மாதம் பிள்ளைக்குச் சட்டை வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனால், 30 போதுமா 32 வேணுமா என்று கடைக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடுகிறோம். ஆனால் ஆறாம் வகுப்புக் குச்சிக் கைக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பயில்வான் கைக்கும் ஒரே பிபி பட்டை. பட்டைக்குள்ளே காற்று அடைகிற ஒரு ரப்பர் பை இருக்கிறது. அதன் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். 20 சென்டிமீட்டர் கை என்றால் 8 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டராவது நீளம். பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பெரியவர்களை வைத்துச் சோதித்து 2023ல் சொன்னார்கள்: மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை கட்டினால், மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாக வருகிறது. சின்னப் பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை கட்டினால் 3.6 குறைவாக வருகிறது. அதாவது, குண்டுப் பையனுக்கு இல்லாத நோயைக் கொடுக்கிறோம், ஒல்லிப் பையனுக்கு இருக்கிற நோயை மறைக்கிறோம். இரண்டையும் ஒரே பட்டையால்.

கை வைக்கும் இடமும் அப்படித்தான். மேஜையில் இதயத்தின் மட்டத்துக்கு வைக்க வேண்டும். மடியில் வைத்தால் 4 போல, பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடுகிறது என்று 2024ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இயல்புக்கும் நோய் என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியே பத்துதான்.

மற்றதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதாக இருக்கும். பார்ப்பதற்கு அரை மணி முன்னால் ஓடக்கூடாது, காபி டீ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் வெறும் கையில், குழந்தைகளுக்கு வலது கையில் கட்ட வேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது, அளக்கிறவரும் 'எந்த ஸ்கூல், என்ன ரேங்க்' என்று விசாரிக்கக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுக்க வேண்டும். கூடுதலாக வந்தால் அன்றைக்கே பெயர் வைத்துவிடாமல், வேறு வேறு நாட்களில், மொத்தம் மூன்று தடவையாவது பார்த்தபின்தான் டாக்டர் முடிவு சொல்வார். மெஷினில் கூடுதலாக வந்தால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் காதால் கேட்டு உறுதி செய்வார். சத்தம் முதலில் கேட்கிற இடம் மேல் எண், மறைகிற இடம் கீழ் எண். 1905ல் கொரட்காஃப் என்ற ரஷ்ய டாக்டர் கண்டுபிடித்த அதே முறை. இன்றைக்கும் குழந்தைகளுக்கு அதுதான் கடைசித் தீர்ப்பு. மணிக்கட்டில் கட்டுகிற மெஷினை வைத்துக்கொண்டு நாகேஸ்வரராவ் பார்க்கில் காலை நடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிபி பார்க்கிற நம் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளிடம் மட்டும் வேண்டாம்.

'இவ்வளவும் ஒரு ஸ்கூல்ல நடக்கிற காரியமா டீச்சர்?' என்பீர்கள். கணக்குப் போடுவோம். நாற்பது பிள்ளைகள். ஐந்து நிமிட ஓய்வை வரிசையில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும்போதே முடித்துவிடலாம். அதற்குத் தனி நேரம் வேண்டாம். இரண்டு முறை அளக்க ஆளுக்கு நான்கு நிமிடம். இரண்டு மெஷின், இரண்டு பேர் என்றால் எண்பது நிமிடம். இரண்டு பீரியட். வருடத்தில் ஒரு நாள். ஆண்டு விழா நடனத்துக்கு மூன்று வாரம் மத்தியான வகுப்பு முழுவதையும் விடுகிறோம். மூன்று அளவுப் பட்டைகள் வாங்குகிற செலவு, அந்த விழாவில் போர்த்துகிற சால்வைகளின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெரிய டாக்டர்தான் வர வேண்டும் என்றும் இல்லை. நம் சென்னையின் கிட்னி மருத்துவர் எம்.கே. மணி அவர்களை வயதில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை ஒட்டிய கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் பிபியும் சிறுநீரும் பார்க்க வைத்தார். மிகக் குறைந்த செலவில், விலை மலிந்த மாத்திரைகளாலேயே கிட்னி கெடுவதைத் தடுக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பெண்களால் முடிந்தது, பி.இ.டி. மாஸ்டரால் முடியாதா? வகுப்பாசிரியையால் முடியாதா? எங்களுக்கு யாராவது ஒரு நாள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால், நானே செய்திருப்பேன்.

அரசாங்கத்தையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்கும் பார்த்தார்கள். நடுவில் நின்று வேடிக்கை பார்த்த அவருடைய பேரனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அவனுக்கும் பாரும்மா' என்றேன். 'சின்னப் பட்டை இல்லைங்கம்மா' என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. இல்லை என்றாள். 120/80 என்று எழுதவில்லை.

உப்பைப் பற்றி இரண்டு வரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. சென்னை நகர மக்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று வந்தது, அது 2007லேயே. பாக்கெட் சிப்ஸும் நூடுல்ஸும் இவ்வளவு பெருகாத காலம். நம் வீட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி நான் பேசினால் அண்ணி சண்டைக்கு வருவார், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டை வந்தால் பிள்ளையிடம் கேளுங்கள்: உட்கார வைத்தார்களா, எத்தனை தடவை காற்று அடித்தார்கள், எந்தப் பட்டை? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் புலம்பாமல். குறைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளை, கிட்னித் தொந்தரவு அல்லது அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த பிள்ளை, எடை கூடிய பிள்ளை, பெற்றோருக்குச் சின்ன வயதிலேயே பிபி வந்த வீடு, இவர்கள் முகாமுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். அடிக்கடி தலைவலி என்று சொல்கிற பிள்ளையைக் கண் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்கள் பதினாறு பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அளக்காத கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள், அல்லது 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டால், டீச்சர் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.

தம்பி மகன் நேற்று மறுபடி போன் செய்தான். கொஞ்சம் இறங்கித்தான் பேசினான். வருகிற சனிக்கிழமை பெண்ணைக் குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போகிறானாம். "நார்மல்னு வந்தா உங்களை விட மாட்டேன் அத்தை" என்றான். வரட்டும். அந்த எண்ணை அட்டையில் பழையதை அடித்துவிட்டு நான் என் கையாலேயே எழுதுகிறேன்.

என்னிடம் டேப் இருக்கிறது. மூன்று அளவுப் பட்டையோடு ஒரு மெஷினும் போன மாதம் பென்ஷனில் வாங்கி வைத்திருக்கிறேன். மயிலாப்பூர் பக்கம் வருகிறவர்கள் பிள்ளையை அழைத்து வாருங்கள். நான் சொல்வது தீர்ப்பு இல்லை, டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்பது வரைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடுவேன், மற்ற நாள் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான். வரும் வழியில் லஸ் கார்னரில் பிள்ளைக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மாடிப்படியில் ஓடவிட்டு அழைத்து வராதீர்கள். வந்தால் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி.